பொம்மை வீடு: மேடையிலிருந்து திரைக்கு

நார்வே நாட்டு நாடக ஆசிரியர் ஹென்ரிக் இப்சன் எழுதிய ‘பொம்மை வீடு’ 1879ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் கோப்பன்ஹேகனில் நூலாக வெளிவந்தது. முதற்பதிப்பின் 8,000 படிகள் ஒரு திங்களுக்குள் விற்றுத் தீர்ந்தன. அதே டிசம்பர் 21ஆம் நாள் அந்நகரின் அரச நாடக அரங்கில் அது மேடையேறியது. பின்னர் மௌனப்படக் காலந்தொட்டே திரைப்படக் கலைஞர்கள் அதனை நாடி வந்துள்ளனர். ஒரு நாடகம் திரைப்படமாகும்போது எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பதை ஆராய இதனினும் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

கதையைச் சுருக்கமாகக் காண்போம். நோராவுக்கும் டோர்வால்டுக்கும் மணமாகி எட்டு ஆண்டுகள் ஆகின்றன, மூன்று குழந்தைகள். முன்பு கணவன் கடும் நோயுற்றபோது, தென்னாட்டு வெயிலே அவனைக் காக்கும் என்றனர் மருத்துவர்கள். நோரா அவனறியாமல் 4,800 குரோனர் கடன் பெற்று அவனை இத்தாலிக்கு அழைத்துச் சென்றாள். கணவனின் இசைவின்றி மனைவி கடன் வாங்க இயலாத காலம் அது. பிணைக்குத் தந்தையின் கையொப்பம் தேவைப்பட்டது. அவரோ மரணப் படுக்கையில் இருந்தார். கையொப்பத்தை அவளே இட்டாள். தந்தை இறந்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் உள்ள நாள் அக்டோபர் 2. இறந்தவர் மூன்று நாள் கழித்துக் கையொப்பமிட்டதாக ஆகிவிட்ட அந்தச் சிறு பிழையைக் கடன் கொடுத்த குரோக்ஸ்டாட் கண்டுகொள்கிறான்.

உண்மை வெளிப்பட்டதும், தன் உயிரைக் காத்த மனைவியை டோர்வால்ட் குற்றவாளி என ஏசுகிறான். பத்திரம் திரும்பி வந்து ஆபத்து நீங்கியதும், மன்னித்துவிட்டதாகப் பெருந்தன்மையோடு கூறுகிறான். அந்த மன்னிப்புத்தான் நோராவின் கண்ணைத் திறக்கிறது. அவனை மேசையின் எதிரே அமரச் செய்து, மணமான பின் முதன்முறையாக அவனோடு பேசுகிறாள். பின்னர் வீட்டை விட்டு வெளியேறுகிறாள்.

கிறிஸ்துமஸை ஒட்டிய மூன்று நாள்களில், ஒரே ஒரு வரவேற்பறையில் இவ்வளவும் நிகழ்கின்றன என்பதே இங்கு நாம் கருத்தில் கொள்ள வேண்டியது. அவ்வறைக்கு அப்பால் உள்ள எதனையும் அவையோர் காண்பதில்லை. டோர்வால்டின் படிப்பறைக் கதவு திறந்து மூடுகிறதே தவிர, நாம் உள்ளே செல்வதில்லை. முன்கூடத்தில் ஓர் அஞ்சற்பெட்டி. அதன் சாவி கணவனிடம் மட்டுமே உள்ளது. அதனுள் குரோக்ஸ்டாட்டின் கடிதம் கிடக்க, நோரா வெளியே நின்று தவிக்கிறாள். அந்தச் சாவி ஒன்றே அவள் நிலையை உணர்த்திவிடும். மாடி வீட்டு விருந்தில் அவள் ஆடும் நடனமும் மேடைக்கு வருவதில்லை. கணவனை அஞ்சற்பெட்டியிடம் போகவிடாது தடுக்க அவள் வெறிகொண்டு ஆடும் ஒத்திகையைத்தான் காண்கிறோம். அறை மூடியிருப்பதால்தான் இறுதியில் கதவுக்கு அத்துணை வலிமை வாய்க்கிறது.

ஒளிப்படக் கருவிக்கோ அறை ஒரு தடையன்று. வெளியே செல்ல வேண்டுமா என்பதை இயக்குநர்தான் முடிவு செய்ய வேண்டும். 1973ஆம் ஆண்டில் ஒரே சமயத்தில் இரு திரைப்படங்கள் இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை தந்தன. ஜோசப் லோசி, ஜேன் ஃபோண்டாவை நோராவாக்கி, நார்வேயின் ரோரோஸ் என்னும் பழைய சுரங்க நகரில் படம்பிடித்தார். பாட்ரிக் கார்லண்ட், கிளேர் புளூமையும் அந்தோணி ஹாப்கின்ஸையும் கொண்டு நாடகத்தை ஒட்டியே சென்றார்.

லோசியின் படம் பனிச்சறுக்கில் தொடங்குகிறது. நோராவும் அவள் தோழி கிறிஸ்டினும் இளமையில் மகிழ்ந்திருந்த நாள்களும், கிறிஸ்டின் குரோக்ஸ்டாட்டைப் பிரிந்ததும் நமக்கு முன்னரே காட்டப்படுகின்றன. பனி மூடிய தெருக்கள் கண்ணுக்கு விருந்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் இப்சன் கடந்த காலத்தைச் சிறிது சிறிதாக, உரையாடலின் இடுக்குகளில் கசிய விட்டவர். குரோக்ஸ்டாட் வாசலில் வந்து நிற்கும்போது அவன் யார் என்று நாம் அறியாதிருப்பதே அச்சத்தைத் தருகிறது. முன்னரே அறிமுகமாகிவிட்டவன் அவ்வளவாக அச்சுறுத்துவதில்லை. மேலும், நோரா தெருவில் தாராளமாக நடமாடுவதைக் கண்ட பின், அவ்வீடு கூண்டு என்பதை நாம் நம்ப வேண்டியிருக்கிறது, உணர்வதில்லை. இவ்வகையில் கார்லண்டின் படமே மூலத்தின் இறுக்கத்தைக் காத்தது என்பது என் கருத்து. ‘படம்பிடித்த நாடகம்’ என்று அதனை எளிதாக ஒதுக்குவோர், அந்த இறுதி உரையாடலை மீண்டும் ஒருமுறை பார்ப்பது நல்லது. பேச்சைக் கண்டு திரைப்படம் பொதுவாக அஞ்சும். ஆனால் இந்நாடகத்தின் உச்சக்கட்டமே இருவர் அமர்ந்து பேசுவதுதான்.

எனில், அறையை விட்டு வெளியேறும் தழுவல் யாவும் பிழையோ? அன்று. ‘தழுவல்’ என்ற சொல்லை நாம் அணைத்தல் என்னும் பொருளிலும் வழங்குகிறோம்; அணைப்பவருக்கும் ஓர் உடலும் உயிரும் உண்டு. ஈரானிய இயக்குநர் தாரியூஷ் மெஹர்ஜூயியின் ‘சாரா’ அதற்குச் சான்று. 1993ஆம் ஆண்டு சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் அது தங்கச் சிப்பி விருதை மற்றொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. சாராவாக நடித்த நிக்கி கரீமி சிறந்த நடிகை விருதைப் பெற்றார்.

மூல நாடகத்தில், கடனை அடைக்கத் தான் இரவுகளில் அறையைத் தாழிட்டுக்கொண்டு படியெடுக்கும் வேலை செய்ததைத் தோழியிடம் நோரா சில வரிகளில் கூறிச் செல்கிறாள். கிறிஸ்துமஸ் மரத்துக்கு அலங்காரப் பொருள்கள் செய்வதாகவே கணவன் எண்ணியிருந்தான். மெஹர்ஜூயி இச்சில வரிகளைப் பற்றிக்கொண்டார். அவருடைய சாரா மணப்பெண் ஆடைகளில் இரவெல்லாம் மணி கோத்துத் தைக்கிறாள், கண்பார்வை மங்குகிறது. கணவன் அறியாத உழைப்பை நாம் ஒவ்வொரு தையலாகக் காண்கிறோம். லோசி வெளியே காட்டியது பலரும் காணக்கூடிய தெருவை. மெஹர்ஜூயி காட்டியதோ அவ்வீட்டிலேயே கணவன் கண்ணில் படாதிருந்த ஒன்றை. மனைவியின் பார்வை ஏன் குன்றியது என்றுகூட அறியாத கணவன் இறுதியில் அவளை ஏசும்போது, நமக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

முடிவிலும் ஒரு மாற்றம் உண்டு. நோரா குழந்தைகளை விட்டுச் செல்கிறாள். சாரா தன் சிறு மகளை உடன் அழைத்துச் செல்கிறாள். இது மூலத்தின் கூர்மையை மழுக்கிவிட்டது என்று கூறுவோர் உளர். அவர்களது ஐயத்திற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஜெர்மனியில் 1880இல் நோராவாக நடிக்கவிருந்த ஹெட்விக் நீமன்-ராபே, தாம் ஒருபோதும் பிள்ளைகளைப் பிரியமாட்டார் என்பதால் அம்முடிவை நடிக்க மறுத்தார். பிறர் கை வைப்பதைவிடத் தாமே மாற்றுவது மேல் எனக் கருதிய இப்சன், வேறொரு முடிவை வெறுப்புடன் எழுதிக் கொடுத்தார். அதில் டோர்வால்ட் நோராவைக் குழந்தைகள் உறங்கும் அறையின் வாயிலுக்கு இழுத்துச் செல்ல, அவள் தளர்ந்து விழுந்து தங்கிவிடுகிறாள்.

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே பிள்ளைகள் தாயை வீட்டில் கட்டிப்போடும் கயிறாகப் பயன்பட்டனர். இங்கே மகள் தாயோடு புறப்படுகிறாள். அப்படம் எடுக்கப்பட்ட காலத்து ஈரானியச் சட்டப்படி, மணமுறிவு நேர்ந்தால் மகள் ஏழு வயது வரையே தாயிடம் இருக்கலாம். பின்னர்த் தந்தையைச் சேர வேண்டும். மகளின் கையைப் பற்றிக்கொண்டு வாயிலைக் கடக்கும் சாரா அச்சட்டத்தின் கீழ்தான் நடக்கிறாள்.