மிதிவண்டியும் மினுமினுப்பும்

"புதுச் சைக்கிள் வாங்க வேண்டும், எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்று நெய்வேலித் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டார். ஒப்பந்தத் தொழிலாளி. மந்தாரக்குப்பத்துக்கு அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து நாள்தோறும் வேலைக்குப் போய்வருபவர். நாட்டில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, பத்திரிகையில் எழுத இதுவா பொருள் என்று சிரிப்போர் சிரிக்கட்டும். வழியில் வண்டி மக்கர் செய்தால் அன்றைய கூலி என்னாகும் என்பதை அறிந்தவன் சிரிக்கமாட்டான்.

தோழர் கண் வைத்திருந்தது எதன்மேல் தெரியுமா? கடை வாசலில் மினுக்கிக் கொண்டு நின்ற கியர் வண்டியின் மேல்! 21 கியர், முன்னும் பின்னும் ஸ்பிரிங், யானைக்கால் டயர், மாதத் தவணை வேறு. மலையேறப் பிறந்த வண்டி அது. நாம் கேட்கிறோம்: நெய்வேலியில் மலை எங்கே இருக்கிறது? சுரங்கத்தில் வெட்டிக் கொட்டிய மண்மேடுகள் உண்டு. அவற்றின் மேல் எவரும் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போவதில்லை!

தட்டையான சாலைக்கு 21 கியர் எதற்கு? மலிவான ஸ்பிரிங், மிதிக்கும் விசையில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு, எடையையும் ஏற்றும். ஐப்பசி அடைமழையில் செம்மண் சேறு கியர்ப் பற்களில் அப்பினால் செயின் நழுவும். நள்ளிரவில் ஷிப்டு முடிந்து வருகிறவன் அதை யாரிடம் கொண்டுபோவான்? சாதாரண 28 அங்குல வண்டிக்கோ, டியூபும் பால்சும் மூலைமுடுக்குப் பஞ்சர் கடையிலும் கிடைக்கும்.

இந்த ஊரும் அந்த வண்டியும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகள் செய்யப்பட்ட பின்தான், கப்பலில் வந்த சீமைச் சைக்கிளை நாம் மறந்தோம். 1957 மே 20-இல் நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்; 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது.

"பழைய காலத்து வண்டி" என்று முகம் சுளிப்போர் ஹாலந்தைப் பார்க்கட்டும். ஏழை நாடா அது? நிலம் தட்டை, காற்றோ பேய்க்காற்று. செயினை முழுக்க மூடிய, நிமிர்ந்து உட்கார்ந்து மிதிக்கிற வண்டிகளை அங்கே இன்றும் காணலாம். 2024 வரை பிரதமராக இருந்த மார்க் ருட்டே, சைக்கிளில் அலுவலகம் போய்வந்தவர்!

கறுப்பு வண்டியில் குறையே இல்லையா? உண்டு. 20 கிலோ எடை. இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிக்காது. மழையில் முன்கூட்டியே பிடித்துப் பழக வேண்டும், அல்லது அலுமினிய ரிம் கேட்டு வாங்க வேண்டும்.

அளவு பார்க்கும் வழி எளிது. வண்டிப் பாரின் இருபுறமும் காலூன்றி நின்றால் பார் தொடையிடுக்கில் இடிக்கக்கூடாது. சீட்டில் உட்கார்ந்து, கீழிறங்கிய பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பல்லை எண்ணிப் பாருங்கள்: பின்பல் 18 என்றால், 48 பல் வண்டி ஒரு மிதிக்கு ஏறக்குறைய 6 மீட்டர் ஓடும், 44 பல் வண்டி ஐந்தரை மீட்டர்தான். ஆனால் எதிர்க்காற்றில், 12 மணி நேரம் உழைத்த காலுக்கு 44-தான் தோழன்.

விளக்கில் மட்டும் சிக்கனம் கூடாது. விளக்கில்லாமல் போனால் ஒரு காலத்தில் போலீஸ்காரர் பிடிப்பார். இப்போது பிடிப்பது லாரி. இரு வண்டிகளின் விலை வித்தியாசத்தில் முன்விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு, பூட்டு, மழைக்கோட்டு எல்லாம் வாங்கிவிடலாம் என்றோம்.

தோழர் தலையைச் சொறிந்தார். "வீட்டிலே கியர் வண்டிதான் அழகு என்கிறாள்."

"உங்கள் வீட்டம்மா பின்னால் உட்கார அதிலே காரியர் உண்டா என்று கேளுங்கள்" என்றோம்.