பல கணினிகள், ஓர் அச்சுப்பொறி



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் வீடு தேடி வந்தன. அதன் பின்னர் தோட்டத்து வீடுகளிலும் கணினிகள் ஒவ்வொன்றாக நுழைந்துவிட்டன. ஆயினும், அவை ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவை அல்ல. மூத்த மகளிடம் விண்டோஸ் மடிக்கணினி இருக்கும். இளையவனிடம் குரோம்புக் இருக்கும். பட்டணத்து உறவினர் ஒருவர் தம்முடைய பழைய மேக் கணினியைக் கொடுத்திருப்பார். தகப்பனார் கையில் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி. இப்படிக் கிடைத்ததைக் கொண்டு நடத்தும் குடும்பங்களே நம்மில் அதிகம்.

இந்நிலையில், பள்ளிப் பயிற்சித் தாளையோ வேலை விண்ணப்பத்தையோ அச்செடுக்க வேண்டுமானால் டவுனுக்கு ஓட வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கத் தாளுக்காக அரைநாள் வேலை கெடுகிறது. அடையாள அட்டையின் நகலைக் கடைக்காரரின் கணினியில் விட்டுவிட்டு வரவும் நேர்கிறது. அச்சுப்பொறி ஒன்று வாங்கலாம் என்றாலோ, "ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு மாதிரி, ஒன்றுக்கு வாங்கினால் மற்றதற்கு ஆகுமா?" என்ற ஐயம் பெற்றோரைத் தடுக்கிறது. ஆகும் என்பதே நமது மறுமொழி. எவ்வாறு ஆகும் என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், இந்தக் கணினிகளுக்குள் உள்ள வேற்றுமை யாது? கணினியை நடத்திச் செல்லும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ், மேக் ஓஎஸ், குரோம் ஓஎஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு ஆகிய யாவும் இயங்குதளங்களே. ஒவ்வொன்றும் ஒரு தனி மொழி பேசுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சுப்பொறிக்கும் தனக்கென ஒரு மொழி உண்டு. முற்காலத்தில் இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். அந்த மொழிபெயர்ப்பாளர்தான் இயக்கி எனப்படும் டிரைவர் மென்பொருள். விண்டோஸுக்கு எழுதிய இயக்கி மேக் கணினிக்கு உதவாது. இயக்கி கிடைக்கவில்லையென்றால் அச்சுப்பொறி வெறும் பெட்டிதான்.

இப்பொழுது நமது தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் வங்காளதேசத்திலிருந்து வந்தவரும் ஒரே பெரட்டில் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளரையா வைத்திருக்கிறோம்? இல்லை. எல்லாரும் மலாய்மொழியில் பேசிக்கொள்கிறோம். கணினி உலகிலும் அவ்வாறே ஒரு பொதுமொழி ஏற்பட்டது. அதன் பெயர் ஐபிபி. இணைய அச்சு நெறிமுறை என்று தமிழில் சொல்லலாம். இதன் அடிப்படையில் ஆப்பிள் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் ஏர்பிரிண்ட் என்னும் முறையைக் கொண்டுவந்தது. 2013ஆம் ஆண்டில் கேனன், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து மோப்ரியா என்னும் கூட்டமைப்பை நிறுவின. இந்தப் பொதுமொழி தெரிந்த அச்சுப்பொறிக்குத் தனி இயக்கி வேண்டியதில்லை.

ஆகவே, அச்சுப்பொறி வாங்கச் செல்லும்போது பெட்டியின்மேல் மூன்று சொற்களைத் தேடுங்கள்: வைஃபை, ஏர்பிரிண்ட், மோப்ரியா. மூன்றும் இருந்தால் நாம் மேலே சொன்ன எல்லாக் கணினிகளுக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். கடைக்காரர் விலையை மட்டுமே சொல்வார். இதை நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்து, இணைப்பு. வீட்டில் உள்ள வைஃபை பெட்டியை ரூட்டர் என்கிறோம். கணினியிலிருந்து புறப்படும் பக்கம் ரூட்டருக்குப் போய், அங்கிருந்து அச்சுப்பொறிக்குச் செல்கிறது. இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்பதே தலையாய விதி. கணினி வீட்டு வைஃபையிலும் அச்சுப்பொறி வேறொன்றிலும் இருந்தால் ஒன்றையொன்று காணாது. விருந்தினருக்கென்று தனியே திறந்துவிடும் வைஃபையும் உதவாது; அதில் உள்ள கருவிகள் வீட்டிலுள்ள மற்றக் கருவிகளைப் பார்க்காதபடி பெரும்பாலும் தடுக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. ரூட்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. விலை குறைந்த அச்சுப்பொறிகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும். இரண்டு வைஃபை பெயர்கள் தெரிந்தால், அச்சுப்பொறியை 2.4 என்பதில் சேருங்கள். சுவர்களைத் தாண்டுவதிலும் அதுவே மேல். ரூட்டர் முன்கூடத்திலும் அச்சுப்பொறி அடுப்படிக்கு அருகிலும் என்று வைக்காமல், இரண்டையும் கிட்டத்தில் வையுங்கள்.

அச்சுப்பொறியைச் சேர்த்தாயிற்று. இனி ஒவ்வொரு கணினிக்கும் அதை அறிமுகப்படுத்த வேண்டும். இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். ஆனால் பெற்றோரும் பக்கத்தில் அமர்ந்து பார்ப்பது நன்று.

விண்டோஸ் 11 கணினியில் செட்டிங்ஸ் பகுதிக்குள் புளூடூத் அண்ட் டிவைசஸ் என்பதைத் திறந்து, பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் என்பதற்குச் சென்று, ஆட் டிவைஸ் என்பதை அழுத்த வேண்டும். அச்சுப்பொறியின் பெயர் தோன்றும், அதைச் சேர்த்துக்கொள்ளலாம். மேக் கணினியிலும் செட்டிங்ஸ் பகுதியில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் உண்டு. அங்கே இயக்கியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஏர்பிரிண்ட் என்பதைக் காட்டினால் போதும். குரோம்புக்கில் செட்டிங்ஸில் அச்சுக்குரிய பகுதியைத் தேட வேண்டும். முன்பு கூகுள் கிளவுட் பிரிண்ட் என்றொரு வழி இருந்தது; அது 2020 டிசம்பர் 31ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. பழைய குறிப்புகளைப் பார்த்து அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். லினக்ஸ் கணினிகள் கப்ஸ் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. மேக் கணினிகளுக்குள் இருப்பதும் அதே கப்ஸ்தான். ஆகவே, பொதுமொழி பேசும் அச்சுப்பொறியை லினக்ஸும் பெரும்பாலும் தானாகவே கண்டுகொள்ளும்.

பள்ளிவழி கிடைத்த கணினியில் ஒரு தடை வரலாம். அதை நிர்வகிப்பவர்கள் புதிய கருவிகளைச் சேர்க்கவிடாமல் பூட்டியிருக்கக்கூடும். பூட்டை உடைக்க முயலக்கூடாது. பயிற்சித் தாளைப் பிடிஎஃப் கோப்பாக மாற்றித் தகப்பனாரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பி, அங்கிருந்து அச்செடுங்கள். காரியம் முடிந்துவிடும்.

பிடிஎஃப் முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. ஒரு கணினியில் உள்ள தமிழ் எழுத்துரு மற்றொன்றில் இராது. ஒரு கணினியில் அழகாகத் தெரிந்த கட்டுரை, இன்னொன்றில் திறக்கும்போது கட்டம் கட்டமாகவோ பொருளற்ற குறிகளாகவோ மாறிவிடும். யூனிகோட் முறையில் தட்டச்சு செய்து, எழுதிய கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துருவும் கோப்போடு சேர்ந்தே செல்லும். அச்சில் 'கொ' என்பது 'கொ'வாகவே வரும்.

தாளின் அளவையும் கவனியுங்கள். நாம் வாங்குவது ஏ4 தாள். சில கணினிகள் அமெரிக்க வழக்கப்படி லெட்டர் என்னும் அளவை எடுத்துக்கொள்ளும். அப்போது பக்கத்தின் ஓரம் வெட்டுப்படும். அல்லது அச்சுப்பொறி வேறு தாள் கேட்டு நின்றுவிடும். ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை ஏ4 என்று மாற்றி வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சில நாளில் அச்சு வராமல் நிற்பதுண்டு. பால் ஸ்டோரில் எடை போடுவதை எண்ணிப் பாருங்கள். எந்த நிரையிலிருந்து வந்தாலும் வாளிகள் ஒரே வரிசையில்தான் நிற்கும். முன்னால் நிற்பவர் நகராவிட்டால் பின்னால் உள்ள அனைவரும் காத்திருக்க வேண்டும். அச்சுப்பொறியிலும் அப்படியே. தாள் சிக்கிக்கொண்டோ தீர்ந்துபோயோ ஒருவர் பக்கம் நின்றுவிட்டால் மற்றவர் பக்கங்களும் நிற்கும். உடனே பத்துத் தடவை அச்சு பொத்தானை அழுத்துவது கூடாது. பிறகு பத்து நகல் வந்து தாளும் மையும் வீணாகும். முதலில் தாளைப் பாருங்கள். பிறகு கணினியின் காத்திருப்பு வரிசையில் நின்றுபோனதை நீக்குங்கள்.

அச்சுப்பொறி இல்லை என்றே கணினி சொன்னால் காரணம் வேறாகலாம். லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் எண் இருப்பதுபோல, ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்தால் அந்த எண் மாறக்கூடும். பழைய எண்ணைத் தேடும் கணினி ஏமாந்து நிற்கும். ரூட்டர், அச்சுப்பொறி, கணினி என்ற வரிசையில் நிறுத்தித் திறந்தால் பல வேளைகளில் சரியாகிவிடும். அடிக்கடி நேர்ந்தால், அச்சுப்பொறிக்கு நிரந்தர எண் ஒதுக்கும் வசதி ரூட்டரிலேயே உண்டு.

வைஃபை இல்லாத, கம்பி வழியே மட்டும் இயங்கும் பழைய அச்சுப்பொறி வீட்டில் இருக்கிறதா? அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு கணினியில் கம்பியால் இணைத்து, அக்கணினியின் வழியாக மற்றவற்றுக்குப் பகிர்ந்து தரலாம். ஆனால், அந்தக் கணினி விழித்திருக்கும்வரைதான் மற்றவர்கள் அச்செடுக்க முடியும். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. அதனால் ஓரங்கட்டப்பட்ட கணினியில் லினக்ஸ் நிறுவி இவ்வேலைக்கு வைத்துக்கொள்வது சிக்கனமான வழி.

இறுதியாக, பராமரிப்பு. நீர்மை வகை அச்சுப்பொறியில் மை நெடுநாள் சும்மா கிடந்தால் உலர்ந்து முனை அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது எடுங்கள். இடிமழை வரும்போது செருகியைப் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் அச்சுப்பொறியிலுள்ள பொத்தானால் நிறுத்துங்கள். அப்போதுதான் மைமுனை தன் மூடிக்குள் சென்று அடங்கும்.

நேயர்களே, நம் வீட்டுப் பிள்ளையின் கணினி பிறர் கொடுத்ததாக இருக்கலாம், பழையதாகவும் இருக்கலாம். அதற்காக அவன் கொண்டுபோகும் பயிற்சித் தாள் தாமதமாகவோ அரைகுறையாகவோ இருக்க வேண்டியதில்லை. வாங்குமுன் கேட்டு வாங்குவது, ஒரே வைஃபையில் சேர்ப்பது, பிடிஎஃப் ஆக்கி அச்செடுப்பது ஆகிய மூன்றையும் நினைவில் வைத்தால் ஓர் அச்சுப்பொறியே குடும்பம் முழுவதற்கும் போதும். பக்கத்து வீட்டாருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.