பழைய மோட்டார் சைக்கிள்களில் மாற்று உறுப்பு உருவாக்கம்

மாற்று உறுப்பு உருவாக்கம் என்பது, கடைகளில் கிடைக்காத மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகத்துக்கு ஈடான ஒன்றைப் பட்டறையிலேயே செய்து பொருத்துவதாகும். என்பீல்டு புல்லட், யெஸ்டி, யமஹா ஆர்எக்ஸ் 100 முதலிய பழைய வண்டிகளைப் பழுதுபார்ப்பதில் இம்முறை பயன்படுகிறது.

பின்னணி

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் இயங்கிய ராயல் என்பீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் இணைந்து 1955 இல் என்பீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. இதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. இங்கிலாந்து நிறுவனம் 1970 இல் முடிவுக்கு வந்தபின்னும் புல்லட் உற்பத்தி சென்னையில் தொடர்ந்தது. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து அமைந்துள்ள ஒரகடத்தில் 2013 இல் மற்றொரு தொழிற்சாலை திறக்கப்பட்டது. இதனால் புல்லட்டின் பல உறுப்புகள் இன்றும் கிடைக்கின்றன. மாறாக, யெஸ்டியைத் தயாரித்த மைசூர் ஐடியல் ஜாவா நிறுவனம் 1996 இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் ஆர்எக்ஸ் 100 உற்பத்தியும் நின்றது. இவற்றின் உறுப்புகளைச் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் தேட வேண்டியுள்ளது. அங்கும் கிடைக்காதவை லேத் பட்டறைகளில் செய்யப்படுகின்றன.

முறைகள்

- கேஸ்கட்: எஞ்சின் மூடியின் விளிம்பை அச்சாகக் கொண்டு கேஸ்கட் தாளில் வெட்டப்படுகிறது. சிலிண்டர் தலைக் கேஸ்கட்டின் தடிமன் மாறினால் அழுத்த விகிதமும் மாறும்.
- சிலிண்டர்: தேய்ந்த உட்சுவர் கடைந்து பெரிதாக்கப்பட்டு, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் பொருத்தப்படுகிறது. மேலும் கடைய இயலாதபோது புதிய உள்ளுறை இறக்கப்படுகிறது.
- புஷ்: வெண்கலத்தில் கடையப்படுகிறது. தண்டுக்கு முன் புஷ் தேய வேண்டும் என்பதே இதன் தத்துவம். நீடித்து உழைக்கட்டும் என்று கடினமான எஃகில் புஷ் செய்தால், விலை கூடிய தண்டு தேய்ந்துவிடும்.
- மரையாணி: பழைய புல்லட்டில் பிரித்தானிய மரைகள் உள்ளன. விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. விட்டம் நெருங்கியிருப்பதால் ஒன்றை மற்றொன்றில் வலிந்து முறுக்கினால் அலுமினிய மரை அழியும்.

வரம்புகள்

பிரேக், முன்கவை, சக்கர அச்சு ஆகியவற்றுக்கு இம்முறை ஏற்றதன்று. அளவுகருவி கொண்டு வடிவத்தைச் சரிபார்க்கலாம். எஃகின் வகையையும் அது பெற்ற வெப்பப் பதப்படுத்தலையும் கண்ணால் அறிய இயலாது. தகுதியற்ற அச்சு பல நாள் குறையின்றி ஓடி, களைப்பு விரிசலால் ஒருநாள் திடீரென முறியக்கூடும். கேஸ்கட் தவறினால் எண்ணெய் கசியும். அச்சு தவறினால் உயிர் போகலாம். எனவே, ஓர் உறுப்பைச் செய்ய முடியுமா என்பதற்கு முன், அது உடைந்தால் என்ன நேரும் என்பதே ஆராயப்பட வேண்டும்.