வளரும் பிள்ளைகளின் ஊட்டத் தேவையும் உணவுப் பழக்கமும்: தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நோக்கில் சில கருத்துகள்

முன்னுரை

காலை ஏழரை மணிக்கு வகுப்புத் தொடங்கும் பள்ளியில் பயிலும் பிள்ளை ஐந்தரை மணியளவில் எழுகின்றது. இனிப்புத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு புறப்படும் அப்பிள்ளை, பத்து மணியளவில் வரும் இடைவேளை வரை வேறெதனையும் உண்பதில்லை. ஒன்பது மணிக்கு அது மேசைமீது தலை சாய்த்தால், நாம் அதனைச் சோம்பல் என்கிறோம். அம்முடிவு எப்பொழுதும் சரியாகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊட்டத் தேவை

மலேசியாவின் 2017ஆம் ஆண்டு ஊட்டச்சத்துப் பரிந்துரையின்படி, 7 முதல் 9 வயது வரையிலான ஆண்பிள்ளைக்கு நாள்தோறும் ஏறத்தாழ 1,750 கலோரியும் பெண்பிள்ளைக்கு 1,610 கலோரியும் தேவை. சுண்ணாம்புச்சத்து 1,000 மில்லிகிராம் தேவை; பத்து வயது முதல் இது 1,300 ஆக உயர்கிறது. ஒரு குவளைப் பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராமே உண்டு. எஞ்சியதில் ஒரு பகுதியை முள்ளோடு உண்ணும் நெத்திலி, முருங்கைக்கீரை முதலியவற்றால் ஈடுசெய்யலாம்.

இரும்புச்சத்துக் குறைந்தால் சோகை உண்டாகும். சோகையுற்ற பிள்ளை விரைவில் களைப்படையும், கவனம் சிதறும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகவே ஏற்கும். உணவுண்டவுடன் தேநீர் அருந்தினால் அவ்வேற்பு மேலும் குறையும். கொய்யா, எலுமிச்சை போன்றவற்றைச் சேர்த்துண்டால் கூடும். ஆகவே, எதை உண்கிறோம் என்பதோடு எதனுடன் உண்கிறோம் என்பதும் கருதத்தக்கது.

பழக்கத்தில் நேர்ந்த மாற்றம்

தோட்டப்புற வீடுகளைச் சுற்றி முருங்கை மரமும் கீரைப் பாத்தியும் கோழிகளும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபின், காசு கொடாமல் கிடைத்த கீரையும் முட்டையும் விலைப்பொருள்களாயின. சோறும் பருப்பும் சேரும்பொழுது ஒன்றன் புரதக் குறையை மற்றொன்று நிரப்பும். ஆனால், தட்டு நிறையச் சோறும் அதன்மேல் சிறிது குழம்பும் என்றால், வயிறு நிரம்புமேயன்றி ஊட்டம் நிரம்பாது.

இக்குறை கண்ணுக்கு எளிதில் புலப்படாது. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் 21.8 விழுக்காட்டினர் வயதிற்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றியிருந்தனர். குட்டையான பிள்ளையைப் பார்த்து, 'அப்பாவின் வாகு' என்று நாம் அமைதியடைந்துவிடுகிறோம். மறுபுறம், இனிப்புப் பானங்களால் உடல் பருக்கும் பிள்ளைகளும் உளர். உலகச் சுகாதார நிறுவனம் சேர்ப்புச் சர்க்கரையிலிருந்து பெறும் ஆற்றல் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்கிறது. 1,600 கலோரி உண்ணும் பிள்ளைக்கு அது 40 கிராம். பருத்த பிள்ளைக்கும் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

ஆசிரியர் பணி

வறிய மாணவர்க்கான பள்ளிக் கூடுதல் உணவுத் திட்டம் 1979இல் தொடங்கப்பட்டது. தகுதியுடைய பிள்ளையின் பெயர் அப்பட்டியலில் இடம்பெற, பெரும்பாலும் வகுப்பாசிரியரின் கவனமே முதற்படியாகிறது. பிறர் முன்னிலையில் கேட்டால் பிள்ளை பசியை மறைக்கும், தனியே அழைத்து, "காலையில் என்ன சாப்பிட்டாய்?" என்று வினவுதல் நன்று. ஆண்டுதோறும் எடுக்கப்படும் உயர, எடைக் குறிப்புகளை முந்தைய ஆண்டுக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, ஐயம் தோன்றின் பெற்றோரைச் சுகாதார நிலையத்திற்கு வழிகாட்டுதல் வேண்டும்.

முடிவுரை

பாடம் பிள்ளையின் செவியை அடையுமுன் உணவு அதன் வயிற்றை அடைந்திருத்தல் வேண்டும். தேர்ச்சி அறிக்கையைப் புரட்டும் நாம், அப்பிள்ளையின் காலைத் தட்டையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.