கோஷ்டி யாருடையது?

2023-ம் வருஷம் ஜூன் மாதம் 13-ந் தேதி இரவு, அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தைச் சேர்ந்த ஓக்லந்து நகரத்தில் ஒரு விநோதமான பகிஷ்காரம் நடந்தது. அந்நகரத்துப் பேஸ்பால் கோஷ்டியாகிய அத்லெடிக்ஸ் அவ்வருஷம் எல்லாக் கோஷ்டிகளுக்கும் கடைசியில் கிடந்தது. தோற்கும் கோஷ்டியின் ஆட்டத்துக்கு ஜனங்கள் போகாமல் நின்றுவிடுவதே உலக வழக்கம். முந்திய மாதங்களில் ஓக்லந்து மைதானத்தின் ஆசனங்கள் ஆயிரக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்ததும் உண்மையே. ஆனால் அன்றைய தினம் 27,759 பேர் டிக்கெட் வாங்கி வந்தார்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் பச்சை நிறச் சட்டை அணிந்திருந்தார்கள். அச்சட்டைகளின் மீது "விற்றுவிடு" என்ற ஒரே வார்த்தை எழுதப்பட்டிருந்தது. ஐந்தாவது சுற்றின் ஆரம்பத்தில் மைதானம் முழுவதும் மௌனம் சாதித்தது. பிறகு, கோஷ்டியை விற்றுவிட்டுப் போகும்படி முதலாளியைக் கேட்கும் கோஷம் வானை அளாவியது. அன்று அத்லெடிக்ஸ் 2-க்கு 1 என்ற கணக்கில் ஜயமும் பெற்றது.

வராமல் இருந்து எதிர்ப்பைக் காட்டுவதே பகிஷ்காரம். இவர்களோ கூட்டமாக வந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். ஏன்? "உங்கள் ஊரில் ஆட்டம் பார்க்க ஆள் இல்லை, ஆகையால் கோஷ்டியை வேற்றூருக்குக் கொண்டுபோகிறோம்" என்ற வாதத்தை அடியோடு பொய்யாக்குவதற்காகவேயாம். ஆட்டக்காரர்களைப் பற்றித் தர்க்கித்துக் கொண்டிருந்த ரசிகர்கள் இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற விருத்தாந்தம், பொதுக் காரியங்களில் சிரத்தையுள்ளவர்கள் எந்தத் தேசத்தவராயினும் அறியத் தக்கதாகும்.

அத்லெடிக்ஸ் கோஷ்டி பழமையானது. 1901-ல் பிலடெல்பியாவில் பிறந்து, 1955-ல் கான்ஸாஸ் நகரத்துக்குப் போய், 1968-ல் ஓக்லந்துக்கு வந்தது. அங்கே 1972, 1973, 1974 ஆகிய மூன்று வருஷங்களிலும் தொடர்ச்சியாகவும், மறுபடி 1989-லும் உலகப் பந்தயத்தில் வெற்றி பெற்றது. 1997 முதல் பில்லி பீன் என்பவர் அதன் ஜெனரல் மானேஜராக இருந்து, பணக்காரக் கோஷ்டிகள் அலக்ஷியம் செய்த ஆட்டக்காரர்களைப் புள்ளி விவரங்களைக் கொண்டு பொறுக்கி எடுத்துச் சேர்த்தார். 2002-ல் நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டி சம்பளத்துக்காக 12 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. சுமார் 4 கோடி டாலரே செலவிட்ட ஓக்லந்தும் அதற்குச் சமமாக 103 ஆட்டங்களை ஜயித்ததோடு, இடையில் தொடர்ந்து 20 ஆட்டங்களில் வெற்றியும் கண்டது. இதைப் பற்றி மைக்கேல் லூயிஸ் 2003-ல் எழுதிய 'மனிபால்' என்ற புஸ்தகம் உலகப் பிரசித்தி பெற்றது. சிக்கனம் என்பது ஓக்லந்தில் ஒரு பெருமையாகவே ஆயிற்று.

அந்தப் பெருமையில்தான் அபாயமும் ஒளிந்திருந்தது. 2021-ல் கோஷ்டி 86 ஆட்டங்களை வென்றது. நல்ல நிலைமை என்றே சொல்லலாம். ஆயினும் 2022 மார்ச் மாதத்தில், ஒரு வாரத்துக்குள்ளாகவே, பந்தெறிவதில் தேர்ந்த கிறிஸ் பாஸிட்டை நியூயார்க் மெட்ஸுக்கும், மாட் ஓல்ஸனை அட்லாண்டாவுக்கும், மாட் சாப்மனை டொரான்டோவுக்கும் மாற்றிக் கொடுத்து விட்டார்கள். அவ்வருஷம் டிஸம்பரில் காட்சர் ஷான் மர்பியும் அட்லாண்டாவுக்குப் போனார். பலன் என்ன? 2022-ல் 102 தோல்விகள். 2023-ல் 112 தோல்விகள்.

ரசிகர்கள் இரண்டு கக்ஷிகளாகப் பிரிந்து தர்க்கம் செய்தார்கள். இரண்டு கக்ஷியாரின் வாதங்களையும் நாம் நடுநிலைமையுடன் எடுத்துரைக்க வேண்டும்.

நிர்வாகத்துக்காகப் பேசியவர்கள் கூறியது இதுதான்: பெரிய லீகில் ஆறு வருஷ சேவை முடித்த ஆட்டக்காரன் தன் இஷ்டப்படி எந்தக் கோஷ்டியிலும் சேரலாம். அவன் கேட்கும் சம்பளத்தைக் கொடுக்க முடியாத கோஷ்டி, கெடு வருவதற்கு முன்பே அவனைக் கொடுத்து, நாலைந்து இளைஞர்களைப் பெற்றுக் கொள்வதுதான் புத்திசாலித்தனம். இன்று சில வருஷம் தோற்றாலும் நாளை ஜயிக்கலாம். ஓல்ஸனுக்குப் பதிலாக வந்த ஷே லாங்கலியர்ஸ் 2024-ல் 29 ஹோம் ரன்கள் அடித்தார். வேறு கோஷ்டி வேண்டாம் என்று கழித்துவிட்ட பிரென்ட் ரூக்கரை 2022-ல் எடுத்துக் கொண்டார்கள். அடுத்த வருஷமே அவர் லீகின் சிறந்த ஆட்டக்காரர்களுடைய ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிர்வாகிகளுக்கு ஆட்களைப் பார்க்கும் கண் இல்லை என்று சொல்லலாமா?

எதிர்க் கக்ஷியார் சும்மா இருக்கவில்லை. ஓல்ஸனும் சாப்மனும் சுயேச்சை பெறுவதற்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்ததே, ஏன் இந்த அவசரம் என்று கேட்டார்கள். ஓல்ஸன் 2023-ல் அட்லாண்டாவுக்காக 54 ஹோம் ரன்கள் அடித்து அவ்வருஷம் எல்லோரிலும் முதலாவதாக நின்றார். மர்பியைக் கொடுத்த மும்முனை மாற்றத்தில் வில்லியம் கான்ட்ரேராஸ் என்ற இளம் காட்சர் மில்வாக்கிக்குப் போய்ச் சேர்ந்தார். ஓக்லந்துக்கு முக்கியமாகக் கிடைத்தவர் எஸ்டியூரி ரூயிஸ். ரூயிஸ் 2023-ல் 67 தடவை பேஸ் திருடினார் என்பது மெய். ஆனால் கான்ட்ரேராஸோ மட்டையடிப்பில் தமது ஸ்தானத்துக்குரிய சிறந்த பரிசை 2023, 2024 இரண்டு வருஷங்களிலும் பெற்றார். முத்தைக் கொடுத்துச் சிப்பியை வாங்கி வந்த வியாபாரம் இது என்று ரசிகர்கள் வருந்தினார்கள்.

இவ்விரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது. ஆயினும் இரண்டும் விஷயத்தின் வேரைத் தொடவில்லை என்பதே நமது அபிப்பிராயம். நிர்வாகி ஒரு சமையற்காரனைப் போன்றவன். ஒரு படி அரிசியைக் கொடுத்துப் பத்துப் பேருக்குச் சாதம் போடச் சொன்னால், கெட்டிக்காரன் கஞ்சியாவது காய்ச்சி ஊற்றுவான். கஞ்சியில் உப்புக் கூடுதலா குறைச்சலா என்று பந்தியில் சண்டை போடலாம். ஆனால் களஞ்சியத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்பவன் அல்லவா விஷயத்தை அறிந்தவன்? 2023-ல் பெரிய லீகின் 30 கோஷ்டிகளில் மிகக் குறைந்த சம்பளம் கொடுத்தது ஓக்லந்துதான். தரித்திரத்தில் பிறந்த சாமர்த்தியம், நாளடைவில் லோபத்துக்குப் போர்வையாகி விட்டது.

சரித்திரம் இதற்குச் சாட்சி கூறுகிறது. 1970-களில் கோஷ்டியின் முதலாளியாயிருந்தவர் சார்லஸ் பின்லி. 1976 ஜூனில் அவர் ஜோ ரூடி, ராலி பிங்கர்ஸ் இருவரையும் தலைக்கு 10 லக்ஷம் டாலருக்குப் பாஸ்டனுக்கும், வைடா புளூவை 15 லக்ஷத்துக்கு யாங்கீஸுக்கும் விற்றார். ஆட்டத்தின் பொது நன்மைக்கு இது விரோதம் என்று சொல்லி, அக்காலத்துக் கமிஷனர் போவி கூன் அந்த விற்பனைகளை ரத்து செய்தார். பின்லி வழக்குத் தொடுத்தும் ஜயிக்கவில்லை. ஆனால் கோஷ்டி கரைந்தது. 1979-ல் 108 தோல்விகள். வருஷம் முழுவதும் ஆட்டம் பார்க்க வந்தவர்கள் 3,06,763 பேர். ஏப்ரல் மாதத்து ஓர் இரவில் வந்தவர்கள் 653 பேரே! பின்லி 1980-ல், லீவை ஸ்ட்ராஸ் துணிக் கம்பெனிக் குடும்பத்தைச் சேர்ந்த வால்டர் ஹாஸுக்குக் கோஷ்டியை விற்றார். ஹாஸ் பணம் போட்டார். ஊராரோடு கலந்து பழகினார். 1988, 1989, 1990 மூன்று வருஷங்களிலும் கோஷ்டி அமெரிக்கன் லீகில் முதன்மை பெற்றது. 1990-ல் வந்தவர்கள் 29,00,217 பேர்!

வாசகர்களே, ஊர் அதுதான், மைதானமும் அதுதான். பதினோரு வருஷத்தில் மாறியது முதலாளி ஒருவரே. 2005-ல் கோஷ்டியில் பங்கு வாங்கிப் பிறகு அதன் தலைமையை ஏற்ற மிஸ்டர் ஜான் பிஷரும் ஒரு துணிக் கம்பெனிக் குடும்பத்தவரே. 'காப்' என்ற கம்பெனி அவருடைய பெற்றோர் ஸ்தாபித்தது. அவர் காலத்தில், 2023-ல், வந்தவர்கள் 8,32,352 பேர். ஜனங்கள் கோஷ்டியைக் கைவிட்டார்களா, கோஷ்டி ஜனங்களைக் கைவிட்டதா?

முதலாளியின் பக்ஷத்திலும் நியாயம் சிறிது உண்டு. 1966-ல் திறக்கப்பட்ட அந்த மைதானம் பழுதடைந்திருந்தது. 2013-ல் ஆட்டக்காரர்களின் அறைகளிலேயே சாக்கடை நீர் பெருகிற்று. ஹோவர்ட் டெர்மினல் என்ற துறைமுகப் பகுதியில் புது மைதானம் கட்டுவதற்கு நகரசபையோடு வருஷக்கணக்காகப் பேச்சு நடந்தும் முடிவு ஏற்படவில்லை. ஓக்லந்தே இக்கோஷ்டியைக் கான்ஸாஸ் நகரத்தாரின் மனஸ்தாபத்தின் மீதுதான் பெற்றது என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் பேச்சு நடந்து கொண்டிருக்கையிலேயே, 2023 ஏப்ரலில், லாஸ் வேகாஸில் நிலத்துக்கு ஒப்பந்தம் செய்து கொண்டதாகக் கோஷ்டியார் அறிவித்தார்கள். ஜூன் 13-ந் தேதி ஓக்லந்தில் ஜனங்கள் கோஷமிட்ட அதே தினத்தில், நெவாடா செனட் சபை புது மைதானத்துக்காக 38 கோடி டாலர் வரையில் பொதுப் பணம் கொடுக்கும் மசோதாவை நிறைவேற்றியது. இரண்டு நாள் கழித்து அந்த ராஜ்யத்துக் கவர்னர் கையெழுத்துமிட்டார். நவம்பர் 16-ந் தேதி 30 கோஷ்டி முதலாளிகளும் கூடி, ஒரு வோட்டுக்கூட எதிராக விழாமல், இடமாற்றத்துக்குச் சம்மதம் அளித்தார்கள்.

இந்த அதிகாரம் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? 1922-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், பேஸ்பால் ஆட்டம் ராஜ்யங்களுக்கிடையே நடக்கும் வர்த்தகம் ஆகாதென்று தீர்ப்பளித்தது. அதனால் ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டத்தினின்று அதற்கு விலக்குக் கிடைத்தது. 1998-ல் ஆட்டக்காரர்களின் தொழில் சம்பந்தமாக மட்டும் அவ்விலக்கு நீக்கப்பட்டது. கோஷ்டிகளை இடம் மாற்றும் விஷயத்தில் நீக்கப்படவில்லை. மைதானம் கட்டப் பணம் கேட்கும்போது கோஷ்டி பொதுச் சொத்து. ஊரை விட்டுப் போகும்போது மட்டும் தனிச் சொத்து! இந்த இரட்டை நியாயத்தின் எதிரேதான் ஓக்லந்து ஜனங்கள் பச்சைச் சட்டை அணிந்து நின்றார்கள்.

அவர்கள் தோற்றார்கள். 2024 செப்டம்பர் 26-ந் தேதி 46,889 பேர் கூடிய கடைசி ஆட்டத்தில் அத்லெடிக்ஸ் 3-க்கு 2 என்று வென்று, ஓக்லந்திடம் விடை பெற்றது. 2025 முதல், சுமார் 14,000 பேர் கொள்ளும் மேற்கு ஸாக்ரமென்டோ மைதானத்தில், ஊர்ப் பெயர் எதுவுமின்றி ஆடத் தொடங்கியது. 2028-ல் லாஸ் வேகாஸ் போவதாகத் திட்டம். ஊரை விட்ட பிறகு பணமுடிப்பும் அவிழ்ந்தது. 2024 டிஸம்பரில் லூயிஸ் ஸெவரினோவுக்கு மூன்று வருஷத்துக்கு 6 கோடியே 70 லக்ஷம் டாலர் கொடுக்க ஒப்புக் கொண்டார்கள். கோஷ்டியின் சரித்திரத்திலேயே அதுவரை அவ்வளவு பெரிய ஒப்பந்தம் ஏற்பட்டதில்லை. அடுத்த சில மாதங்களில் ரூக்கருக்கு 6 கோடி. பணம் இல்லை என்ற பழைய பல்லவி எங்கே போயிற்று?

ஆனால் தோல்வியோடு கதை முடியவில்லை. ஓக்லந்தில் 'பாலர்ஸ்' என்ற சிறிய கோஷ்டி 2024-ல் ஆடத் தொடங்கியது. அதில் சாதாரண ரசிகர்கள் ஆயிரக்கணக்கானவர்கள் பங்கு வாங்கியிருக்கிறார்கள். இது புது யோசனையுமன்று. அமெரிக்கக் கால்பந்தில், விஸ்கான்ஸின் ராஜ்யத்துச் சிற்றூராகிய கிரீன் பே, 1923 முதல் தன் பாக்கர்ஸ் கோஷ்டியைப் பங்குதாரர்களின் உடைமையாகவே நடத்தி வருகிறது. ஐந்து லக்ஷத்துக்கு மேற்பட்ட பங்குதாரர்களுக்கு லாபப் பங்கு ஒரு காசும் இல்லை. ஆனால் கோஷ்டியை ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோகத் தனி முதலாளி ஒருவனும் இல்லை.

மூன்றாவதாக மட்டை பிடிப்பவன் யார் என்று தர்க்கிப்பது ரசிகனின் சந்தோஷம். அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். அந்தத் தர்க்கத்தோடு நின்றுவிடுகிற வரையில்தான் களஞ்சியத்தின் சாவி பத்திரமாக ஒருவர் இடுப்பிலேயே தொங்குகிறது. பொதுப் பணத்தைக் கேட்டு வருகிற எவரிடமும், பணத்தை அளக்கும் முன்பே, பொது ஜனங்களுக்கு அதில் என்ன உரிமை என்று எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக் கொள்ள வேண்டும். ஓக்லந்து ஜனங்கள் இதைக் காலந்தாழ்த்தி, பெரும் நஷ்டத்துக்குப் பின் கற்றார்கள். அவர்களுடைய நஷ்டத்திலிருந்து மற்ற ஊரார் இனாமாகவே கற்றுக் கொள்ளலாம்.