சிங்கத்தையும் சாய்க்கும், பசுவையும் சாய்க்கும்... ரத்தத்தில் ஒளியும் ஒட்டுண்ணியை கண்டுபிடிப்பது எப்படி?

2018 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் குஜராத்தின் கிர் காட்டில் 23 ஆசிய சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தன. சண்டையில் காயமா, விஷமா என்று பல சந்தேகங்கள். ஆய்வக முடிவுகள் வந்தபோது சில சிங்கங்களிடம் கேனைன் டிஸ்டம்பர் வைரஸும், சிலவற்றில் உண்ணி கடியால் பரவும் பபேசியா என்ற ஒட்டுண்ணியும் இருப்பது தெரியவந்தது.

இதே பபேசியா குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகள்தான் நம்ம ஊர் மாட்டுக் கொட்டகையிலும் பசுக்களைக் கொல்கின்றன.

யார் இந்த கிருமி?

பபேசியா ஒரு புரோட்டோசோவா. அதாவது, ஒரே செல் கொண்ட உயிரி. மனிதர்களுக்கு மலேரியா தரும் கிருமியும் இந்த வகைதான். கால்நடைகளில் முக்கியமாக மூன்றைச் சொல்லலாம்.

பபேசியா: உண்ணி மூலம் பரவி ரத்த சிவப்பணுக்களை உடைக்கும். கடும் காய்ச்சலோடு சிறுநீர் காபி நிறத்தில் போகும்.

தைலேரியா: இதுவும் உண்ணி மூலம்தான். நிணநீர்க் கட்டிகள் வீங்கும். கலப்பின மாடுகளை அதிகம் தாக்கும்.

ட்ரிப்பனோசோமா: கடிக்கும் ஈக்கள் மூலம் பரவும் 'சர்ரா' நோய்க்குக் காரணம். 1880-ல் கிரிஃபித் எவன்ஸ் என்ற கால்நடை மருத்துவர், அன்றைய பஞ்சாபில் குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில் இதைக் கண்டறிந்தார். 2000-ம் ஆண்டு ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் பத்துக்கும் மேற்பட்ட புலிகள் பலியானதும் இந்த நோயால்தான்.

சரி, எப்படி கண்டுபிடிக்கிறாங்க?

முதல் வழி ரொம்ப எளிது. மாட்டின் காது நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிசாகத் தடவி, ஜீம்சா என்ற சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். பபேசியா என்றால் சிவப்பணுவுக்குள் ஜோடி பேரிக்காய் போல தெரியும். ட்ரிப்பனோசோமா, அணுக்களுக்கு இடையே குட்டிப் புழு மாதிரி தெரியும். தைலேரியா சந்தேகம் என்றால் வீங்கிய கட்டியில் ஊசி போட்டு நீர் எடுத்தும் பார்ப்பார்கள்.

கோழிகளுக்கு வரும் ரத்தக் கழிச்சலும் புரோட்டோசோவா வேலைதான். அதற்கு ரத்தம் தேவையில்லை. எச்சத்தை உப்புக் கரைசலில் கலக்கினால் கிருமியின் முட்டை போன்ற உறைகள் மேலே மிதந்து வரும்.

அப்புறம் பிசிஆர் எதுக்கு?

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கிருமி எண்ணிக்கை அதிகம் என்பதால் மைக்ராஸ்கோப்பில் சிக்கிவிடும். ஆனால் நோயிலிருந்து தேறிய மாட்டில் கொஞ்சமே கொஞ்சம் கிருமி மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் அந்த மாட்டைக் கடிக்கும் உண்ணி, கிருமியை அடுத்த மாட்டுக்குக் கொண்டு போகும். இப்படி ஒளிந்திருப்பதை பிடிக்கத்தான் கிருமியின் டிஎன்ஏ-வைத் தேடும் பிசிஆர் சோதனை.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிசிஆர் 'பாசிட்டிவ்' என்றால் கிருமி இருக்கிறது என்றுதான் அர்த்தம். இப்போதைய நோய்க்கு அதுதான் காரணம் என்று உடனே முடிவு கட்ட முடியாது. எலைசா போன்ற எதிர்ப்புரத சோதனையும், எப்போதோ வந்து போன தொற்றைக் காட்டலாம். அறிகுறியையும் சோதனையையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார்.

காட்டு விலங்குக்கு என்ன செய்வது?

சிங்கத்தின் காதில் ஊசி குத்த முடியாதே! ரேடியோ காலர் மாட்டவோ, சிகிச்சைக்கோ மயக்க ஊசி போடும் நேரத்தில்தான் ரத்தம் எடுக்க முடியும். இறந்த விலங்கின் உடல் சீக்கிரம் அழுகிவிட்டால் மைக்ராஸ்கோப் பெரிதாக உதவாது; மண்ணீரல் போன்ற உறுப்புகளில் டிஎன்ஏ தேட வேண்டியிருக்கும்.

சேமித்து வைத்த ரத்தத்தின் மதிப்பை ஆப்ரிக்காவின் செரெங்கெட்டி காட்டியது. அங்கே 1994-ல் சுமார் 1,000 சிங்கங்கள் இறந்தன. வைரஸ் மட்டுமே காரணம் என்று முதலில் நினைத்தார்கள். பழைய மாதிரிகளை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. வறட்சியில் மெலிந்த காட்டெருமைகளில் உண்ணிகள் பெருகின; அவற்றைத் தின்ற சிங்கங்களில் பபேசியா எகிறியது; அந்த நேரத்தில் வைரஸும் சேர்ந்ததுதான் பேரழிவு.

மாடு வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியது என்ன?

'சாதா காய்ச்சல்தானே, ரெண்டு நாள்ல சரியாகிடும்'னு விட்டுடாதீங்க. கடும் காய்ச்சல், தீவனம் எடுக்காதது, பால் திடீரென குறைவது, சிறுநீர் நிறம் மாறுவது... இதில் எது தெரிந்தாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

முக்கியமான விஷயம், மருந்து போடுவதற்கு முன்பே ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். ஊசி போட்ட பிறகு ரத்தத்தில் கிருமி குறைந்துவிடும். சோதனையில் ஒன்றும் இல்லை என்று வரலாம். மூன்று நோய்க்கும் ஒரே மருந்து கிடையாது. எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் சரியான ஊசி போட முடியும், மாடும் பிழைக்கும்.