இணைவு உலையின் வட்டிக் கணக்கு

தெற்குப் பிரான்சில் கடராஷ் அருகே எழும்பிவரும், அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் ஈட்டர் உலைக்கான ஒப்பந்தத்தில் 2006-ல் இந்தியா உட்பட ஏழு தரப்புகள் கையெழுத்திட்டன. அப்போதைய மதிப்பீடு சுமார் 500 கோடி யூரோ; இன்று அது 2,000 கோடியைத் தாண்டிவிட்டது. எரிபொருளாக டியூட்டீரியம், டிரிட்டியம் என்ற ஹைட்ரஜன் வகைகளை நிரப்பி ஓட்டுவது 2039-ல்தான் என்று 2024-ல் அறிவித்தார்கள். ஆய்வு உலை என்பதால் அப்போதும் அதிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் வராது.

கடல்நீரிலேயே எரிபொருள் இருக்கிறது, ஆகவே மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். டியூட்டீரியத்தைப் பொறுத்தவரை முதல் பாதி சரி. ஆனால் இப்படிப்பட்ட நிலையத்தில் யூனிட் விலையைத் தீர்மானிப்பது, கட்டுவதற்கு வாங்கிய கடன். உலை நின்றாலும் வட்டி நிற்காது. எனவே ஆண்டில் எத்தனை நாள் ஓடும் என்று முதலில் கேட்க வேண்டும்.

அங்கேதான் உலையின் உட்சுவர் குறுக்கே வருகிறது. இணைவில் பிறக்கும் ஆற்றலில் 80 சதவீதத்தை நியூட்ரான்கள் சுமந்து செல்கின்றன. மின்னேற்றம் இல்லாததால், எரிபொருளை அடைத்துவைக்கும் காந்தப்புலம் அவற்றைத் தடுக்காது. நேராகச் சுவரில் போய் மோதும். எஃகுக்குள் அணுக்கள் இடம்பெயரும், ஹீலியம் குமிழ்கள் சேரும், உலோகம் வீங்கி நொறுங்கத் தொடங்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உட்சுவரைக் கழற்றி மாற்றியாக வேண்டும். கதிரியக்கம் ஏறிய இடத்தில் மனிதர் நுழைய முடியாது. எல்லாம் ரோபோ கைகள். அந்த மாதங்களில் வருமானம் பூஜ்யம்.

டிரிட்டியம் அடுத்த சிக்கல். 1,000 மெகாவாட் இணைவாற்றலை ஓராண்டு முழுக்க எடுக்க சுமார் 55 கிலோ வேண்டும். ராணுவத்துக்கு வெளியே உலகக் கையிருப்பு ஏறத்தாழ 25 கிலோ. அதிலும் பாதி 12 ஆண்டில் தானாகவே சிதைந்துவிடும். லித்தியம் உறைக்குள் உலையே தனக்கு வேண்டியதை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இதை முழு அளவில் எவரும் இன்னும் செய்து காட்டவில்லை.

இருந்தும் வாங்க ஆள் இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் காமன்வெல்த் ஃபியூஷன் சிஸ்டம்ஸ் நிறுவனம் கட்டத் திட்டமிடும் 400 மெகாவாட் இணைவு நிலையத்தின் பாதி மின்சாரத்துக்கு 2025-ல் கூகுள் ஒப்பந்தம் போட்டது. இரவும் பகலும் மின்சாரம் தேவைப்படும் தரவு மையங்கள் கூடுதல் விலை கொடுக்கலாம். 2020-ல் குஜராத் ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 1.99 ரூபாய்க்குப் போன நம் நாட்டில், மின்வாரியங்கள் அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்காது.

ஈட்டர் உலையைச் சூழும் 3,850 டன் குளிர்கலனான கிரையோஸ்டாட்டை குஜராத்தின் ஹசீராவில் செய்து அனுப்பிய அனுபவம் நமக்குப் பெரிய சொத்து. அந்தப் பங்களிப்பு தொடர வேண்டும். ஆனால் அடுத்த பணம் எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஸ்பெயினின் கிரானடா அருகே உருவாகிவரும் ஆய்வகத்தைச் சொல்வேன். ஓடும் திரவ லித்தியத்தின்மீது டியூட்டீரியக் கற்றையைப் பாய்ச்சி, இணைவு உலையில் பிறப்பது போன்ற நியூட்ரான்களை அங்கே உண்டாக்குவார்கள். எந்த எஃகு எத்தனை ஆண்டு தாங்கும் என்பது அங்கே தெரியவரும். அந்த எண் கைக்கு வராமல் யூனிட் விலை பேச முடியாது.